ஏழாம் நாற்காலியின் சொல்

ஏழு போனது ஒரு புதன்கிழமை. விடாமல் பெய்த மழை அன்று காலைதான் விட்டிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மாடிப்படி முழுக்க ஈரம். யாரோ சாய்த்து வைத்த குடையிலிருந்து தண்ணீர் ஒழுகி மூன்றாம் படியில் குட்டை கட்டியிருந்தது என்று என் அத்தை இன்றைக்கும் சொல்வாள். ஏழு தன் ஹெட்செட்டைக் கழற்றி, வயரைச் சுருட்டி, மேசைக் கொக்கியில் மாட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தையின் தோளை ஒருமுறை அழுத்தினாள். அந்த நேரம் அத்தையின் பலகையில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவள் திரும்பவில்லை. மூன்று பேருக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டுத் திரும்பினபோது ஏழாம் நாற்காலி காலியாக இருந்தது.

ஏழு என்பது நாற்காலியின் எண். அத்தை எட்டு. எக்ஸ்சேஞ்சில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. "எண் எட்டு, சொல்லுங்கள்" என்றுதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். ஏழின் கணவருக்கு வேறு நாட்டுத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, பத்தே நாளில் கிளம்பும்படி ஆயிற்று. போன பிறகு மூன்று கடிதம் வந்தது. நாலாவதாக அத்தை போட்ட கடிதம், 'முகவரியில் இல்லை' என்ற முத்திரையோடு அவளிடமே திரும்பி வந்தது. அதோடு சரி.

என் அப்பாவின் அக்கா அவள். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவர், "குரல் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா அதை வைத்து இன்னும் வம்பிழுப்பார்.

"அக்காவ ரேடியோவுக்குக் கட்டிக் குடுத்திருக்கலாம்."

"உன்னை ஊமைக்குக் கட்டிக் குடுத்திருக்கணும்டா. வீடு நிம்மதியா இருந்திருக்கும்" என்பாள் அத்தை.

பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். மறைப்புக்குப் பின்னால் நிற்கவைத்து எண்களை வாசிக்கச் சொல்லி, முகம் பார்க்காமல் எடுத்தார்கள். பிறகு ஆறு வாரப் பயிற்சி. எல்லாருடைய குரலையும் ஒரே அச்சில் வார்ப்பதுதான் அந்தப் பயிற்சி. ஏற்றம் இல்லாமல், இறக்கம் இல்லாமல், சிரிப்பு தெரியாமல், சளி பிடித்தால்கூடத் தெரியாமல். நேற்றுப் பேசியவளும் இன்று பேசுகிறவளும் ஒருத்திதான் என்று வாடிக்கையாளர் நினைக்க வேண்டும். அத்தைக்கு இப்போது எழுபத்தொன்று. பலசரக்குக் கடைக்குப் போன் போட்டு அரிசி சொல்லும்போது இன்னமும் அந்தக் குரல்தான் வருகிறது. கடைக்காரர் முதல் தடவை அதைப் பதிவுசெய்த குரல் என்று நினைத்து வைத்துவிட்டார்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் கழுத்தைத் திருப்ப மாட்டாள். யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள், இல்லையென்றால் நேராகப் பார்த்தபடியே பதில் சொல்வாள். எக்ஸ்சேஞ்சில் தலை திருப்பக் கூடாது, பக்கத்தில் இருப்பவளோடு பேசக் கூடாது. பின்னால் ஒரு உயரமான மேசையில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருப்பாள். பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கழுகு. அவள் மேசையில் ஒரு விசை உண்டு. அதைத் தட்டினால் எந்த நாற்காலியின் பேச்சையும் ஒட்டுக்கேட்கலாம்.

அத்தைக்கும் ஏழுக்கும் பேசாமல் இருக்க முடியவில்லை. பலகையின் கீழ்மூலையில் ஒரு துளை இருந்தது. அது பதினோரு வருஷம் முன்பே மூடிப்போன ஒரு தையல் மெஷின் கடையின் இணைப்பு. கம்பியை அறுத்துவிட்டார்கள், துளையை மட்டும் அடைக்கவில்லை. இருவரும் தங்கள் வயரை அந்தத் துளையிலும் அதன் ஜோடித் துளையிலும் செருகினால் ஒருத்தி குரல் இன்னொருத்தி காதில் விழும். உதட்டை அசைத்தும் அசைக்காமலும் பேசலாம். அரை முழ தூரத்தில் இருப்பவளின் குரல், கம்பிக்குள் போய் வந்து, எங்கோ தொலைதூரத்திலிருந்து வருவது போல மெலிந்து கேட்கும்.

கழுகு அதையும் கேட்கலாமே? அதற்குத்தான் எஸ்பெராண்டோ.

யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் இரண்டாவது மொழியாக இருக்கட்டும் என்று நூற்று முப்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கண் மருத்துவர் உட்கார்ந்து செய்த மொழி அது. தபாலில் பத்துப் பாடம் என்று ஒரு பத்திரிகையில் விளம்பரம் வந்தது. உலக சமாதானத்துக்காகப் பலர் கற்ற மொழியை இவர்கள் இருவரும் கழுகுக்காகக் கற்றார்கள்.

"என்னடி ரெண்டு பேரும் எப்பப் பாரு முனகிக்கிட்டே இருக்கீங்க?" என்று கழுகு ஒருநாள் பின்னால் வந்து நின்றாளாம்.

"நம்பர் மனப்பாடம் பண்றோம் மேடம்" என்றாள் ஏழு.

"எந்த ஊர்ல இருக்கு இப்படி நம்பரு?"

அந்த மொழியில் சொற்களைச் செங்கல் மாதிரி அடுக்கலாம் என்பதில் அத்தைக்குப் பெரிய மோகம். 'சான்' என்றால் நலம். முன்னால் 'மல்' வைத்தால் நேர் எதிர். பின்னால் 'உல்' வைத்தால் அப்படிப்பட்ட ஆள். அதற்கும் பின்னால் 'எய்' வைத்தால் அந்த ஆட்கள் இருக்கும் இடம். முடிவில் ஒரு 'ஓ' போட்டால் பெயர்ச்சொல். மல்சானுலேயோ, ஆஸ்பத்திரி.

"இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆள் போய்ச் சேர்ந்துடுவானே" என்பார் அப்பா.

அகராதியில் இல்லாத சொல்லையும் இப்படிக் கட்டலாம். கேட்பவருக்குப் புரிந்தால் அது சொல்தான். அத்தையின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டது அப்படிக் கட்டிய ஒரு சொல்.

ஏழு கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னால், மழை ஆரம்பித்த மதியம். ஊரில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. பன்னிரண்டு நாற்காலியில் இரண்டில்தான் ஆள் இருந்தது. கழுகு பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தாள். யாரோ ஒரு மகன் தொலைவிலிருந்து தன் தாயோடு மூன்று நிமிஷம் பேசினான். நேரம் முடிந்தது, அத்தை வயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகும் அந்தத் தாயின் குரல் காதில் நின்றது. "சாப்பிட்டியா" என்பதன் கடைசி ஓசை மட்டும். கம்பிகள் ஒன்றோடொன்று உரசி இப்படி நடப்பதுண்டு. எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அத்தை மூலைத் துளையில் வயரைச் செருகி எஸ்பெராண்டோவில் கேட்டாள்: "பிடுங்கின அப்புறமும் காதுல நிக்குதே ஒரு குரல், அதுக்கு என்னடி பேரு?"

காதில் பதில் வந்தது. ஒரே சொல்.

போஸ்ட்வோச்சோ.

'போஸ்ட்' என்றால் பிறகு. 'வோச்சோ' குரல். சாப்பிட்ட பின் நாக்கில் நிற்கும் சுவைக்கு அந்த மொழியில் போஸ்ட்குஸ்தோ என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. அதே வார்ப்பில் இது. அத்தைக்குச் சிலிர்த்துவிட்டது. நேராகப் பலகையைப் பார்த்தபடி சிரித்தாள். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அடுத்த ஒன்பது நாளில் அந்தச் சொல்லை இருவரும் நாலைந்து முறை சொல்லிக்கொண்டார்கள், புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பது மாதிரி. பிறகு ஏழு போய்விட்டாள்.

தப்பு நடந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. எஸ்பெராண்டோ பத்திரிகை ஒன்றுக்கு அத்தை தன் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். அதில் இந்தச் சொல்லைப் போட்டாள். 'என் தோழி சொன்னது' என்று ஒரு வரி முதலில் எழுதியிருந்தாளாம். பக்கம் நிறைந்துவிட்டது என்று அந்த வரியை அடித்துவிட்டாள். கட்டுரை அச்சானது. சில வருஷங்களில் ஒரு அகராதியின் பின்னிணைப்பிலும் சொல் ஏறியது. பொருள், கட்டிய விதம், அதற்குப் பக்கத்தில் 'முதலில் ஆக்கியவர்' என்று அத்தையின் பெயர், 'தொலைபேசி இயக்குநர்' என்ற குறிப்போடு.

ஒரு வாரம் தலைகால் புரியவில்லை அவளுக்கு. அப்பாவிடம் காட்டினாள்.

"போஸ்ட்டுன்னா தபால்தானே? தபால்ல வர்ற சத்தமா?" என்றார் அப்பா.

"உனக்குப் போய்க் காட்டினேன் பாரு."

எட்டாம் நாள், மாடி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் சத்தமே இல்லை. அவளுடைய இடது காதில், ஹெட்செட் இருந்த காதில், அந்தச் சொல் கேட்டது. மெலிதாக, தொலைவிலிருந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. தினமும் வராது. மாதக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு, அடுக்களையில் குழாயை மூடியதும் வரும். பஸ் நின்று இஞ்சின் அணைந்ததும் வரும். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால் அத்தை உடனே எதையாவது பேசுவாள், இல்லையென்றால் ஒரு பாத்திரத்தை நகர்த்துவாள். அது ஏன் என்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது. மாடியில் மின்விசிறி குளிர்காலத்திலும் ஓடும். டெலிபோன் மேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கும். எக்ஸ்சேஞ்சில் ஆள் வைத்து இணைப்புக் கொடுக்கும் முறை ஒழிந்து, அவளை விசாரணைப் பிரிவுக்கு மாற்றியபோது, அங்கே கூச்சல் அதிகம் என்று மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது வரமாக இருந்தது. காது டாக்டர் இரண்டு பேர் பார்த்தார்கள். காதில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

நான் நெடும்பயணம் கிளம்பிய வாரம்தான் அத்தை இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். என் பையில் துணி அடுக்க மாடிக்கு வந்தவள், கதவைச் சாத்தி, விசிறியைக் கூட்டி வைத்தாள்.

"ஏய் சக்கரக்காலி. நீ போற ஊர் லிஸ்ட்ல இந்த ஊர் இருக்கா?" என்று ஒரு முகவரியைக் காட்டினாள். அகராதி தொகுப்பவருடையது.

"இருக்கு அத்தை. எதுக்கு?"

"திருடினதத் திருப்பிக் குடுக்கணும்டி. ஏழு கேட்டுக்கிட்டே இருக்கா. அவ சொன்ன சொல்லு. அவ பேரு அங்க இருக்கணும். அது வந்துட்டா அவ பேசாம இருந்துடுவா."

"அவங்க உயிரோட இருந்தா இப்ப எங்கேயோ பேரனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருப்பாங்க. உன் காதுக்கு எப்படி வருவாங்க?"

"உனக்கென்ன தெரியும்? என் காது." சற்று நேரம் துணியை மடித்தாள். "என் பேரு இருக்கற புஸ்தகத்தோட என்னை அனுப்பிடாதீங்க. அவ்வளவுதான் சொல்றேன்."

ஒரு உறையைக் கொடுத்தாள். நாலு பக்கம், சிறு கையெழுத்து. கழுகு, மழை, மூலைத் துளை, அடித்துவிட்ட வரி எல்லாம் அதில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த ஊருக்கு நான் போய்ச் சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அகராதிக்காரர் ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர். அவர் வீட்டில் உட்காருவதற்கு ஒரே ஒரு நாற்காலி. மற்ற எல்லாவற்றின் மேலும் செருப்புப் பெட்டிகள், பெட்டிகளுக்குள் சொல் எழுதிய துண்டுச் சீட்டுகள். அத்தையின் கடிதத்தை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை மொழியில், இப்படி ஒரு கடிதம் தனக்கு இதுவரை வந்ததில்லை என்றார். சொல் தன்னுடையது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, தன்னுடையது இல்லை என்று சொல்லி அனுப்பியவர் யாரும் இல்லை. ஆனால் ஒருவர் மனசாட்சியை ஆதாரமாக அச்சிட முடியாது. ஏழு தன் கையால் எழுதிய ஒரு வரி, ஒரு தேதி, ஏதாவது வேண்டும். தனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவரின் கடிதக் கட்டுகள் ஒரு சங்கத்தின் நிலவறையில் கிடப்பதாகவும், தேடிப் பார்ப்பதாகவும் சொன்னார். "உங்கள் அத்தையின் குரல் எப்படி இருக்கும்?" என்று வாசலில் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். யாருடைய குரலாகவும் இருக்கலாம் என்றுதான் சொல்லத் தோன்றியது.

வீடு திரும்பினேன். அத்தைக்குக் கண்புரை. ஒரு கண்ணில் அறுவை செய்தும் பார்வை தெளியவில்லை, மறு கண்ணுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. எழுத்து தெரியவில்லை. தினமும் கேட்பாள்.

"ஏதாவது வந்துச்சா?"

"வரல அத்தை."

"அந்த ஆளு தூங்கிட்டானா?"

"பெட்டி நிறைய இருக்கு அவருக்கு."

நான் அவரைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் அந்த மின்னஞ்சல் வந்தது. அத்தையின் மேல் உள்ள மரியாதையில் முழுக்க எஸ்பெராண்டோவில் எழுதியிருந்தார். எனக்கு அந்த மொழி வராது. ஆனால் எழுதியபடியே உச்சரிக்கும் மொழி அது. நான் எழுத்தைச் சத்தமாக்கினால் போதும், அவளுக்குப் புரியும். அவள் கட்டிலில் நேராக உட்கார்ந்தாள். நான் ஒரு வாக்கியம் வாசிப்பேன், அவள் அதைத் தமிழில் சொல்லுவாள். எனக்காகச் சொன்னாளா தனக்காகவா தெரியவில்லை. அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில்தான் சொன்னாள்.

கடிதம் கிடைத்துவிட்டது என்று ஆரம்பித்திருந்தார். பின்னிணைப்பு வெளியான அடுத்த ஆண்டு, ஒரு துறைமுக நகரத்திலிருந்து ஏழு அவருக்கு முந்தைய தொகுப்பாளருக்கு எழுதியது. யாரும் பதில் போடாமல் கட்டி வைத்திருந்தார்கள். அவள் அதே குளிர்காலத்தில் காலமாகிவிட்டதாக, பிறகு வந்த கணவரின் அட்டை ஒன்று அதோடு இருந்தது. அத்தை அந்த வாக்கியத்தையும் தமிழில் சொன்னாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"மேல படி."

ஏழின் வரிகளை அவர் அப்படியே எடுத்து எழுதியிருந்தார்.

"'போஸ்ட்வோச்சோ என்ற சொல்லுக்கு நேராக என் தோழியின் பெயரைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அது அவளுடைய சொல். அதற்கு நான் சாட்சி.'"

அத்தை அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. "பாவி," என்றாள். "எனக்கே குடுத்துட்டுப் போயிருக்கா. இத்தனை வருஷம் அவ வந்து கேக்கறான்னு நினைச்சேனே. அவ கேக்கவே இல்லடி." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சிரித்தாள். "மேல என்ன எழுதியிருக்கா? படி, படி."

படித்தேன். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"'அன்றைக்குப் பலகையில் நாங்கள் இருவர்தான். வயரைப் பிடுங்கிய பிறகு நிற்கும் குரலுக்கு என்ன பெயர் என்று என்னைக் கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள்...'"

அத்தை நிறுத்தினாள்.

"அந்த வரியை இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் முறை வாசித்தபோது அவள் அதைத் தமிழில் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு, மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"'அதற்குள் அவளே பதிலையும் சொல்லிவிட்டாள்.'"

"என்ன அத்தை இது? நீ சொல்லலையே. அவங்கதானே சொன்னாங்க?"

அவளுடைய கை இடது காதுக்குப் போய், அதைப் பொத்தாமல், பக்கத்திலேயே நின்றது. பிறகு நேராகச் சுவரைப் பார்த்தபடி, "அந்த லைனை அறுத்து அப்பவே பதினோரு வருஷம்" என்றாள். அது என்னிடம் சொன்னது இல்லை.

"மிச்சம் இருக்கா?"

"அவர் எழுதினது கொஞ்சம் இருக்கு. வேண்டாம்னா விட்டுடலாம்."

"படி."

எனக்குப் புரியாத அந்த எழுத்துகளை வரிசையாகச் சத்தமாக்கினேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொன்னாள்:

"'ஆக, என்னிடம் இப்போது இரண்டு நேர்மையான சாட்சிகள் இருக்கிறார்கள். இருவரும் சொல்லை மற்றவரிடம் கொடுக்கிறார்கள். இருவரையும் நான் நம்புகிறேன். புதிய பதிப்பு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. ஆக்கியவர் என்ற இடத்தை வெறுமையாக விட எனக்கு மனமில்லை. சிரமம் பார்க்காமல் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அந்த இணைப்பில் உங்களோடு மூன்றாவதாக இருந்தது யார்?'"